துரை போட்ட கணக்கு

பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ப் பள்ளியில் நான் பாடம் நடத்தும் வகுப்பைப் பார்க்க இன்று காலை பள்ளி இன்ஸ்பெக்டரான வெள்ளைக்காரத் துரை வந்தார்.

ஒன்பதையும் எட்டையும் கூட்டிப் பலகையில் பதினாறு என்று எழுதினார்.

ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து வரும் செல்லம்மா எழுந்து நின்றாள். ஏழு வயது. மூன்று மாதத்துக்கு முன், பெயர் என்ன என்று கேட்டாலே அழுதவள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்தேன்.

"அது பதினேழு, தொரை" என்றாள், தெளிவாக.

துரைக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டார். "நன்றி சொல்கிறாள்" என்று ஹெட்மாஸ்டர் ஆங்கிலத்தில் சொன்னார். துரை சிரித்தபடி அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

கார் கிளம்பியதும் ஹெட்மாஸ்டர் என்னிடம் வந்தார்.

"அந்தப் புள்ளைக்கு வாய் ஜாஸ்தி, டீச்சர். நீங்கதான் எடம் குடுக்குறீங்க. அடக்கி வைங்க."

"சரிங்க சார்" என்றேன்.

செல்லம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். "நான் சொன்னது தப்பா, டீச்சர்?"

"இல்லம்மா, பதினேழுதான்" என்றேன், ஹெட்மாஸ்டர் காதில் விழாதபடி. நான் குரலைத் தாழ்த்தியதை அவள் கவனித்தாள். அதற்குப் பிறகு பள்ளி விடும் வரை எந்தக் கேள்விக்கும் அவள் கை தூக்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தைரியம் ஊட்டுவது எப்படி என்று தெரிந்த வாசகர்கள் எழுதுங்கள். டீச்சருக்கு ஊட்டும் வழியையும் சேர்த்து எழுதினால் நல்லது.