ஒரு வாய் கருவாட்டுக் குழம்பு

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்த அன்று சந்தில் நின்றவர்கள்: வீட்டுக்காரர். பக்கத்து வீட்டு அக்கா. அவள் புருஷன். என் புருஷன். கம்பெனி சூப்பர்வைசர். நான். என் இடுப்பில் என் மகள், நான்கு வயது.

இடம் மூக்கண்டப்பள்ளி. எங்கள் லைன் வீட்டின் பின்சுவரைத் தாண்டினால் இரும்புச் சாமானுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனி. என் புருஷனுக்கும் அக்கா புருஷனுக்கும் அங்கேதான் வேலை. சாயங்காலம் ஆனால் புகை சந்துக்குள் இறங்கும். காயப்போட்ட துணியில் மாவு மாதிரி படியும்.

மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து. சொறிந்தால் நீர் வடியும். பிறகு ரத்தம். தூங்கும்போது கைக்கு சாக்ஸ் போட்டுவிடுவேன்.

பால் கொடுக்கிறவள் வாயைக் கட்டணும் என்றார் மாமியார். கத்தரிக்காயை விட்டேன். கருவாட்டை விட்டேன். பால் மறந்த பிறகும் இருவருக்கும் அதே பத்தியம். கரப்பான் போகவில்லை.

போன கோடையில் சிங்காரப்பேட்டையில் என் அம்மா வீட்டில் இருந்தோம். அங்கே தோல் ஆறிவிட்டது. திரும்பி வந்த வாரமே மறுபடி சிவந்தது. ஓசூரில் தோல் டாக்டரிடம் சொன்னேன்.

"இவளுக்கு உடம்பு வாகே இப்படிம்மா. சாப்பாட்டு மேல பழி போடாதீங்க. புகை, தூசி பட்டா அதிகமாகும்" என்றார்.

புகார் கொடு என்று முதலில் சொன்னதே அக்காதான். "எம் பையனுக்கும் இருமல் நிக்கல. நீ எழுதிப் போடுடி, நான் கூட நிக்கறேன்."

எழுதிப் போட்ட அன்று அவள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு.

"டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் என்னடி சாமியாரிணி வேஷம்? ஒரு வாய் தின்னு. உன் மாமியார்கிட்ட நான் சொல்ல மாட்டேன்."

தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்றேன்.

ஆபீசர் பின்சுவரைப் பார்த்தார். மகளின் கையைப் பார்த்தார். புகை வருகிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார்" என்றார் வீட்டுக்காரர். அக்கா புருஷன், "இல்லீங்க சார்" என்றான்.

"அப்ப கொழந்தைக்கு எதனால?" சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"இவ வாயக் கட்டல சார். கருவாடு தின்னா கரப்பான் வராம என்ன வரும்? எங்க வீட்லயே தின்னாளே."

வீட்டுக்காரர் சிரித்தார். "கம்பெனிய மூடறதுக்கு முன்னாடி கொழம்புச் சட்டிய மூடும்மா."

அக்கா புருஷனை பெர்மனென்ட் ஆக்குவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் என் புருஷன். மகள் அரிப்பில் அழும்போது முதுகைத் தடவிக்கொடுப்பவன் அவன். சூப்பர்வைசரைப் பார்த்தான். கீழே பார்த்தான்.

"எனக்குத் தெரியல சார்."

ஆபீசர் பேனாவை எடுத்தார். "சரி. புகை வருதுன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

தூக்கினேன். என்னைப் பார்த்து மகளும் தூக்கினாள். முழங்கை மடிப்பு வெடித்திருந்தது.

"கொழந்த கை கணக்குல வராதும்மா" என்றார். எழுதிக்கொண்டார்.

ஒன்று.