சக்கரம் வைத்த மணை

மரக்கடைப் பக்கம் ஒரு கடையில் பலாப் பலகை கேட்டேன். நீளம் இரண்டடி, அகலம் ஒரு அடி, அடியில் இரண்டு குறுக்குக் கட்டை. கடைக்காரர் உடனே, "மணைங்களாம்மா? ஜோடியாப் போட்டுடவா?" என்றார். கல்யாண மணை என்றால் ஜோடியாகத்தான் செய்வார்கள். ஒன்று போதும் என்றேன். ஒற்றை மணையை வைத்துக்கொண்டு இந்த அம்மாள் என்ன செய்யப்போகிறாள் என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான்கு சக்கரம் பொருத்தப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் பலகையையே தந்திருக்க மாட்டார்.

இது நான் செய்யும் மூன்றாவது மணை. முதலாவது கோணலாகப் போய்விட்டது. இரண்டாவது ஓட்டை போடும்போதே பிளந்தது. இரண்டும் இப்போது ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் செடித் தொட்டிகளைத் தாங்குகின்றன. "ஸ்கேட்போர்டு வேணும்னா ஆன்லைன்ல நாளைக்கே வந்துரும்மா" என்கிறான் மகன். எனக்கு வேண்டியது ஸ்கேட்போர்டு இல்லை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் என் சித்தி செய்த ஸ்கேட்போர்டு. அதை ஆன்லைனில் விற்க மாட்டார்கள்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. கல்லூரிப் படிப்புக்காக லால்குடிப் பக்கமிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு வீடு தள்ளி இருந்தவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து யாரோ மஞ்சள் நிற ஸ்கேட்போர்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அவர்கள் அதை ஷோகேஸில் நிறுத்திவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். சித்தி ஒரு நாள் மோர் வாங்கப் போகும் சாக்கில் அதன்மீது கையை வைத்து ஜாண் கணக்கில் அளந்துகொண்டு வந்தாள். வந்ததும் வீட்டில் சுற்றுமுற்றும் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் அம்மாவின் கல்யாண மணை இரண்டும் சாய்ந்திருந்தன. சித்தி ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் போட்டாள். குறுக்குக் கட்டை இரண்டும் அச்சு கோக்கவென்றே அடித்துவைத்தது போல இருந்தன.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அங்கிருந்து ஒரு வாஷர்கூட வீட்டுக்கு வரக்கூடாது என்பது அவர் சட்டம். அதனால் சித்தி மோட்டார் ரிப்பேர் கடையில் கழித்துப் போட்டிருந்த பேரிங் நான்கைக் கேட்டு வாங்கினாள். அச்சுக்கு, இரண்டு முனையிலும் மரை போட்ட கம்பி இரண்டும் அவர்களே கொடுத்தார்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வேறொரு கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, குறுக்குக் கட்டைகளில் ஓட்டை போட்டாள். வந்ததும் அம்மா மூக்கை உறிஞ்சி என்ன வாசனை என்று கேட்க, பக்கத்து வீட்டில் ஏதோ கருகுகிறது என்று சித்தி முகம் மாறாமல் சொன்னாள். நான்கு பேரிங், நான்கு நட்டு. அது வளையாது, திரும்பாது, நேராக மட்டும் போகும். வேலை முடிந்ததும் சக்கரம் சுவரைப் பார்க்க அதே இடத்தில் சாய்த்துவைத்துவிடுவோம். நல்ல காரியம் வந்தாலொழிய மணையை யாரும் தொட மாட்டார்கள்.

மதியச் சங்கு ஊதி, அப்பா வேலைக்குத் திரும்பி, அம்மா கண் அசந்ததும் நாங்கள் கிளம்புவோம். பொன்மலை அடிவாரத்து மேட்டிலிருந்து தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவில் ஒரு ரோடு இறங்கும். சித்தி தாவணியை இடுப்பில் செருகி, ஒரு காலை மணையில் வைத்து, மறு காலால் இரண்டு உந்து உந்துவாள். அப்புறம் அந்தக் கரகரச் சத்தம்தான் கேட்கும். நான் மேலே நின்று வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். கீழே மெயின் ரோடு என்பதால் எனக்கு அங்கே போக அனுமதி இல்லை. மேட்டின் மேல்பகுதியில் மட்டும், சித்தி கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவர, பத்தடி ஓட்டுவேன். அடிவரை போகிறவள் அவள் மட்டும்தான். போய்ச் சேர்ந்ததும் மணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி சற்று நேரம் அங்கேயே நிற்பாள். நான் மேலிருந்து கத்திக் கத்திக் கூப்பிட்ட பிறகுதான் ஏறி வருவாள்.

ஒருமுறை மணையைச் சாக்குப் பையில் போட்டு, பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கே கொண்டுபோனோம். தேர் வருவதற்கு முன்னால் சித்திரை வீதியைச் செப்பனிட்டு வழவழவென்று வைத்திருப்பார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதிகாலையில் கிழக்கு வீதியில் சித்தி ஓட்டிக்கொண்டு போனபோது, தீர்த்தச் சொம்போடு வந்த பெரியவர் ஒருவர் ஒதுங்கி நின்றார். திட்டப்போகிறார் என்று நான் சாக்குப் பைக்குப் பின்னால் ஒளிந்தேன். "பெருமாள் எழுந்தருளற வீதி கொழந்தே, மெதுவாப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சித்தி மெதுவாகப் போகவில்லை.

அந்த வருஷமே நல்ல காரியம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. நாக்பூர் எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் தேசப்படத்தில் விரலை வைத்துக் காட்டினார். திருச்சிக்கும் அவர் விரலுக்கும் நடுவில் இருந்த தூரம் என் ஜாணுக்கு எட்டவில்லை. பூ வைக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றார்கள். பெண்ணை மணையில் உட்காரவைத்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் அவர்களுடையவள். வேறு எதற்கும் அசையாத அந்த மணைகளில் ஒன்று அதற்கு வேண்டும். ஜோடியில் மற்றதைச் செல் அரித்திருந்தது.

ஞாயிறு காலையில் சித்தியின் இரண்டு கையிலும் மருதாணி. விரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டு, காதோடு காதாக, "பாப்பா, ஸ்பேனர் சைக்கிள் பெட்டியில இருக்கு. நாலு நட்டையும் கழட்டிரு. உன்னை நம்பித்தான் இருக்கேன்" என்றாள். நான் தலையாட்டினேன். அம்மா அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். மணைக்கு நானே கோலம் போடுகிறேன் என்றதும், பொறுப்பு வந்துவிட்டதே என்று அவளுக்குப் பெருமை.

கொல்லைப்புற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முதல் நட்டை இரண்டு சுற்று கழற்றினேன். பிறகு அதே இரண்டு சுற்றைத் திரும்ப முறுக்கினேன். போதாததற்கு நான்கு பேரிங்கிலும் தேங்காய் எண்ணெய் விட்டேன். என் திட்டம் எளிமையானது. சித்தி உட்காருவாள், மணை ஓடும், சித்தி விழுவாள். மேட்டில் எத்தனையோ முறை விழுந்து சிரித்தவளுக்குக் கூடத்தில் விழுந்தால் என்ன ஆகிவிடப் போகிறது? சகுனம் சரியில்லை என்று வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். திங்கட்கிழமை மதியம் வழக்கம்போல் நாங்கள் கிளம்பலாம். மணையைக் கூடத்தில் கிடத்தி, கோலத்தின் மேல் அம்மாவின் கூறைப்புடவையை நான்காக மடித்து, சக்கரம் தெரியாமல் நாலு பக்கமும் தொங்க விரித்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை, காலையில்தான் துடைத்தது.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சித்தி எல்லோரையும் கும்பிட்டுவிட்டு மணையில் வலது காலை வைத்தாள். வைத்த கால் அப்படியே நின்றது. அவள் பாதத்துக்குத் தெரியாத மணையா அது? தலையைத் தூக்கிக் கதவோரம் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். பிறகு அவள் புடவையைச் சேர்த்துப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல உட்கார்ந்தாள். சம்மணம் போடவில்லை. முழங்காலை உயர்த்தி, பாதம் இரண்டையும் அகலமாகத் தரையில் வைத்து, மேலே புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"சம்மணம் போட்டு ஒழுங்கா உக்காரு" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள் சித்தி.

பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி வலப்பக்கமிருந்து பூ வைத்தாள், ஒருத்தி இடப்பக்கமிருந்து. மாப்பிள்ளையின் பெரியம்மா நல்ல கனம். குனிந்து பூ வைத்தவர் நிமிர முடியாமல் சித்தியின் தோளைப் பிடித்து அழுத்தி எழுந்தார். இதோ ஓடப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் மணை இருந்த இடத்திலேயே இருந்தது. தட்டு மாற்றினார்கள், கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், நாக்பூர் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மணை நூலளவும் நகரவில்லை. சித்தியின் நெற்றியில் வியர்வை வழிந்து குங்குமம் கரைந்தது. பொண்ணு ரொம்ப வெட்கப்படுது என்று பெரியம்மா சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு சித்தி என்னைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நொண்டியபடியே மணையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மருதாணி சிவந்த கையால் நான்கு நட்டையும் தானே கழற்றி, பேரிங்குகளை என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கோ எல்லார் மேலும் கோபம். எண்ணெய் விட்டும் ஓடாத பேரிங்குகள் மேல் அதைவிடக் கோபம். இரண்டை மதிலுக்கு வெளியே வீசினேன். மற்ற இரண்டையும் வீசுவதற்குள் அழுகை வந்துவிட்டது. கல்யாணம் முடிந்து அவள் ரயில் ஏறிய அன்று, வயிற்றுவலி என்று சொல்லி நான் ஜங்ஷனுக்குப் போகவில்லை. போயிருக்கலாம். அதை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் மூன்றாவது மணை ஒருவழியாகத் தயாரானது. மிச்சமிருந்த இரண்டு பேரிங்கையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு நீக்கினேன். மற்ற இரண்டும் புதியவை. கணவர் வெளியே போயிருந்தபோது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கூடத்து டைல்ஸ் தரையில் அதைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம். உட்கார்ந்ததும் மணை இடப்பக்கம் ஓடியது, நான் வலப்பக்கம் சாய்ந்தேன். பாதத்தை அகல ஊன்றி, குதிகாலை அழுத்தி, மூச்சைப் பிடித்தால்தான் நின்றது. அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் விடுவதற்குள் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. அன்று அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தோளில் பெரியம்மாவையும் தாங்கிக்கொண்டு.

புடவையை மாற்றாமலேயே நாக்பூருக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அன்று மணை எப்படி நகராமல் இருந்தது என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன். மறுமுனையில் முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாள் கால் வலிடி. உங்கம்மா கேட்டதுக்கு, பயத்துல பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லி வச்சேன்."

"என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னா அப்படி உக்காந்திருந்த?"

"அதுவும்தான்" என்றாள். பிறகு, "அது நகர்ந்திருந்தா அவங்க எழுந்து போயிருப்பாங்க, பாப்பா. நான் அந்த ஊரை விட்டு எப்பப் போறது?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணையைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு பொன்மலைக்குப் போனேன். மரங்கள் இருக்கின்றன. ரோட்டின் குறுக்கே மூன்று வேகத்தடை போட்டுவிட்டார்கள். ஓட்ட முடியாது, ஓட்டினால் முட்டி போய்விடும். பையோடு நடந்தே இறங்கினேன். அடிவரைக்கும் நான் போவது அதுதான் முதல் தடவை. அவள் நின்ற இடத்தில், அவள் நின்ற மாதிரியே மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மேலேயிருந்து பார்த்தால் தெரியாத தாழ்வில், தண்டவாளம் போய்க்கொண்டிருந்தது. நான் நின்ற நேரத்தில் ஒரு ரயில் வந்தது. கடைசிப் பெட்டி மறையும்வரை என்னாலும் அங்கிருந்து நகர முடியவில்லை.

அவள் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் ஏறி வா என்று கத்திக்கொண்டே இருந்தேன்.