நின்னுபோச்சுன்னு சொல்லு

என் கல்யாணத்துக்கான ஓலை எங்கள் பங்குக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசிக்கப்பட்டது. மூன்றாவது வாசிக்கப்படவில்லை. எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஓலை என்பது வேறொன்றுமில்லை, அறிவிப்புதான். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஞாயிறு பூசையில் சாமியார், அதாவது பங்குப் பாதிரியார், மூன்று வாரம் படிப்பார். அந்தத் தடையைக் கல்யாணப் பெண்ணே போய்ச் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நான் மரக்காணத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். மாப்பிள்ளை உப்பளத்தில் மேஸ்திரி. குடிக்க மாட்டார், பேச்சில் மரியாதை இருக்கும். பெண் பார்க்க வந்தபோது எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. அதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் காலை, உப்பளக் கரை வழியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். கரையோரம் அவர் நோட்டோடு நின்றிருந்தார். எதிரே ஒரு பெண், காலிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு ஜுரங்க. அதான் லேட்டாயிடுச்சி. நாளையிலேர்ந்து விடியறதுக்குள்ள வந்துர்றேங்க."

அவர் ஆள்பேர் எழுதும் அந்த நோட்டைப் பிரித்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "அடிச்சாச்சு. இனிமே வராத."

அவள் எட்டிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். "பென்சில்ல தானேங்க அடிச்சீங்க. அழிச்சிடலாமேங்க" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பென்சில் கோட்டின்மேலேயே அழுத்தி இன்னொரு கோடு போட்டார். "இப்ப அழி, பாப்போம்" என்று சிரித்தார்.

அப்புறம்தான் என்னைக் கவனித்தார். "என்ன டீச்சர், இந்த வெயில்ல நடந்து வர்றீங்க? கொடை எடுத்துக்கினு வரக்கூடாதா?" என்றார். அந்தக் கரிசனம் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "வேலை வாங்கற எடத்துல அப்படித்தான் இருப்பாங்க. அதுக்காக கல்யாணத்தையா நிறுத்துவாங்க?" என்றாள். புதன்கிழமை பள்ளி விட்டதும் நேராகச் சாமியாரிடம் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது ஒரு தடையாம்மா?" என்றார்.

"தடை இல்லங்க சாமி. எனக்கு வேணாங்க."

கடைசியில், ஓலையை நிறுத்துவதாகச் சொன்னார். அவர் என்னை நம்ப வேண்டுமே என்று உப்பளத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தேன். பக்கத்து அறையில் ஆள் இருந்தது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, "சென்ற இரு வாரங்கள் வாசிக்கப்பட்ட ஓலை ஒன்று ரத்து செய்யப்படுகிறது" என்று சாமியார் படித்தார். ரத்து செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. வீடு திரும்பியதும் அப்பா என்னை உட்காரவைத்து, "யார் கேட்டாலும் நின்னுபோச்சுன்னு சொல்லு. நிறுத்திட்டேன்னு சொல்லாத" என்றார்.

"நான்தானேப்பா நிறுத்தினேன்?"

"தானா நின்னா பாவம்னு சொல்லுவாங்க. நீ நிறுத்தினேன்னு தெரிஞ்சா உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?"

அம்மா சொந்தக்காரர்களிடம் 'தள்ளிப் போட்டிருக்கு' என்றாள். பாண்டியிலிருந்து வந்த மாமா, ரயில் டிக்கெட்டைச் சொல்வதுபோல 'கேன்சலா?' என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் 'நாங்கதான் வேணாம்னு உட்டோம்' என்றார்கள். நானும் அப்பா சொன்னபடியே சொன்னேன். அந்த வாரம் ஐந்தாம் வகுப்பில் தன்வினை, பிறவினைப் பாடம். கரும்பலகையில் 'நின்றது' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 'நிறுத்தினேன்' என்று எழுதக் கை வராமல் வேறு உதாரணத்துக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, என்னாலதான் உங்க கல்யாணம் நின்னுபோச்சுன்னு ஊரே பேசுது. எந்த அளத்துலயும் சேத்துக்க மாட்டேங்கறாங்க. என்னப் பத்தி ஏன் சொன்னீங்க?"

"நான் சாமியார்கிட்ட மட்டும்தாம்மா சொன்னேன்."

"யாருகிட்ட சொன்னா இன்னாங்க? ரெண்டு நாள் போனா அவரே கூப்ட்டிருப்பாரு. எப்பவும் அப்படித்தான் செய்வாரு. இப்ப கூப்ட மாட்டாரு."

அவளையும் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். அவள் தூரத்திலேயே நின்றுவிட்டாள். நான் மட்டும் அவரிடம் போய், அவளுக்கு வேலை கொடுக்கும்படி கேட்டேன்.

அவர் கத்துவார் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. ஆளே இளைத்திருந்தார். "ஊர்ல தல காட்ட முடியல டீச்சர். எங்கம்மா வீட்ட உட்டு வெளிய வர்றதில்ல" என்றார். பிறகு, "நீங்க சொன்னத வாபஸ் வாங்கிக்குங்க. மூணாவது ஓலையப் படிக்கச் சொல்லுங்க. நானும் அந்தம்மா பேர மறுபடி எழுதிக்கறேன்" என்றார்.

மிரட்டலாகச் சொல்லவில்லை, ஏறக்குறைய கெஞ்சினார். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுங்க" என்றேன்.

அவளிடம் வந்து, வேலை கிடைக்காது என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டதைச் சொல்லவில்லை. அவள் அழவில்லை. "செரிங்க" என்று சொல்லிவிட்டுக் கரையோடு நடந்து போனாள். மாதம் முடிவதற்குள் அவள் குடும்பம் கூனிமேட்டுப் பக்கம் கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தங்கைக்கு வரன் அமைய மூன்று வருஷம் ஆனது. அதுவரை அப்பா என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. மேஸ்திரிக்கு மறு வருஷமே கல்யாணம் ஆனது. அந்த மனைவியை எப்படி வைத்திருந்தார் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. எந்தப் பதிலைக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

ஒருமுறை பாண்டிக்குப் போகிற பஸ்ஸில் அந்த உப்பளப் பெண்ணைப் பார்த்தேன். கூனிமேட்டில் கருவாட்டுக் கூடையோடு ஏறினாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன்.

"நீங்க உக்காருங்க டீச்சரம்மா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாயிருக்கியாம்மா?"

"இருக்கேங்க."

உப்பளத்தில் அன்று மேஸ்திரி என்னிடம் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். காலாப்பட்டில் அவள் இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைக்க மட்டும் ஒரு கை பிடித்தேன்.