காரணம் எழுதும் கட்டம்

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதத்தில் டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் எனக்கு ஒரு வேலை இருந்தது. வேலை போனவர்களை நம்பித்தான் அந்த வேலை. கொமூன், அதாவது நகரசபை, அனுப்பிவைக்கும் ஆட்களுக்கு வேலை விண்ணப்பம் எழுதப் பழக்குகிற ஒரு சின்ன நிறுவனம். வருகைப் பதிவு என் பொறுப்பு. யார் வந்தார், யார் வரவில்லை, வராததற்கு என்ன காரணம் என்று தினமும் கணினியில் ஏற்ற வேண்டும். சரியான காரணம் இல்லாமல் மூன்றுதரம் வராவிட்டால் அந்த ஆளின் உதவிப்பணம் நின்றுவிடும்.

எங்களிடம் இரண்டு அறைகள். கடலைப் பார்த்த அறையில் எட்டு வெள்ளைக்கார ஆண்கள். பொறியியலாளர்கள், ஒரு கட்டடக் கலைஞர், வங்கியில் பிரிவுத் தலைவராக இருந்த ஒருவர். வங்கிகளும் கட்டட வேலைகளும் படுத்துவிட்ட வருடம் அது. பின்பக்கத்து அறையில் தொழிற்சாலைகளிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். இப்படிப் பிரிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. முதல் நாளே அந்த எட்டுப் பேரும் "எங்களுடைய தேவைகள் வேறு" என்றார்கள். நான் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர்களுக்கு வேலை போய்விட்டது என்பதை அவர்களைத் தவிர எல்லோரும் அறிந்திருந்தோம். எங்கள் கோப்பி வாயில் வைக்க முடியாது என்று சொந்த இயந்திரம் கொண்டுவந்து வைத்தார்கள். கோப்பைகளைக் கழுவுவது யார் என்ற கேள்வியே எழவில்லை. நான்தான் கழுவினேன். வருகைத்தாளில் கையெழுத்துக் கேட்டபோது, பாலங்கள் கட்டிய பொறியியலாளர் ஒருவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "நாற்பது பேரை மேய்த்தவன் நான். பள்ளிக்கூடப் பையனைப் போல இதில் கையெழுத்துப் போட மாட்டேன்." கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு இரக்கம் வந்தது. இவ்வளவு பெரிய மனிதருக்கு இப்படியொரு நிலைமையா என்று மனம் உருகிவிட்டது. அன்றிலிருந்து எட்டுப் பேருக்கும் வந்ததாக நானே புள்ளடி போட்டேன்.

பின்பக்கத்து அறையில் ஐம்பதை நெருங்கிய தமிழர் ஒருவர் இருந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் எலும்பு நீக்கியவர். அவருக்காக உருக எனக்குத் தோன்றவே இல்லை. கோயிலில் கண்டால் 'அண்ணை' என்பேன். வேலையிடத்தில் வாய் வராது. நான் என் ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று மேலாளர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். அவர் தமிழில் கேட்பார், எட்டு வயதில் இங்கே வந்த நான் டேனிஷில் பதில் சொல்வேன். ஏப்ரலில் போரை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் நடந்த ஆர்ப்பாட்டங்களுக்கு இரண்டு நாள் போய்விட்டார். இரண்டையும் 'காரணமில்லை' என்று ஏற்றினேன். அதை மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொல்லியும் காட்டினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பொறியியலாளர் என் மேசைக்கு வந்தார். "திங்களும் செவ்வாயும் வர மாட்டேன். படகைத் தண்ணீரில் இறக்குகிறோம்." குளிர்காலம் முழுக்கக் கரையில் போர்த்திக் கிடக்கும் படகை வசந்தத்தில் இறக்குவது இங்கே ஒரு கொண்டாட்டம். அவர் கேட்கவில்லை, அறிவித்தார். அதற்கென்று கணினியில் ஒரு கட்டமும் இல்லை. "துறைமுகத்துக்கு வேலை தரக்கூடியவர்களும் வருவார்கள்தானே?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "வராமல் என்ன" என்றார். 'வேலை தேடும் சந்திப்பு' என்று ஏற்றினேன். அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டதென்று செய்தி வந்தது. அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் இருந்து அழுதா. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். அப்படிப் போனதைப் பெருமையாகக்கூட நினைத்தேன். அண்ணை அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. புதன்கிழமை சவரம் செய்யாத முகத்தோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். கதிரை கிடந்தும் அதில் இருக்கவில்லை.

"தங்கச்சி, முகாமுக்குள்ளையிருந்து ஒராள் எப்பிடியோ போன் எடுத்தவர். என்ரை அக்கா இல்லையாம். பங்கருக்குள்ளையே வைச்சு மூடிப்போட்டு வந்தவையாம்."

நான் டேனிஷில் சொன்னேன்: "மரணம் என்றால் விடுப்பு உண்டு. மரணச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும்."

அவர் என்னையே பார்த்தார். "ஆரிட்டைப் போய் வாங்கிறது, தங்கச்சி?"

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

அதைச் சொன்னபோது கடலைப் பார்த்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வெயிலில் முகம் சிவந்த பொறியியலாளர் படகின் படங்களை மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது பொய் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். வருடங்கள் கழித்து யோசித்துக் கண்டுபிடித்த வெட்கம் இல்லை இது. தெரிந்துகொண்டேதான் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

அவர் மேசையில் கிடந்த வருகைத்தாளைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"காய்ச்சல், வருத்தம் எண்டாலும் கடுதாசி வேணுமோ?"

"ரெண்டு நாளுக்குத் தேவையில்லை, அண்ணை." அதை மட்டும் தமிழில் சொன்னேன்.

"அப்ப தலையிடி எண்டு போடுங்கோ."

போட்டேன். இரண்டு நாளுக்கும் தலையிடி. கணினி உடனே ஏற்றுக்கொண்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவருடைய பணம் நிற்காது, மேலாளர் என்னை ஒன்றும் கேட்க மாட்டார், ஒரு மனுசியின் சாவு எங்கள் இருவருக்கும் வசதியாக முடிந்துவிட்டது. "பெரிய உபகாரம், தங்கச்சி" என்றார். குத்திக்காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னார். வருகைத்தாளைத் தன் பக்கம் இழுத்து, முழுப் பெயரையும் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்துவிட்டுப் பின்பக்கத்து அறைக்குப் போனார்.

கடலைப் பார்த்த அறையிலிருந்து யாரோ சுத்தமான கோப்பை இல்லை என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன்.