இடது பக்கக் கதவு

போன வாரம் திருத்தணியில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரும்போது மெஷின் வைத்துப் புகை விட்டார்கள். அந்தத் தித்திப்பு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு விமானம் ஞாபகம் வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். நான் பறந்தவன் இல்லை, படிப்பு அஞ்சாவதோடு சரி. சென்னையில் விமானப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி தரும் ஓர் இடத்தில் கூட்டிப் பெருக்கினேன். அங்கே இறக்கை இல்லாத தகர விமானம் ஒன்று இருந்தது. பயிற்சியின்போது எங்களில் நாலைந்து பேரைப் பயணிகளாக உட்கார வைத்துப் புகை விடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் நெருப்பு என்று அர்த்தம். பயணிகள் வாய் திறக்கக் கூடாது. எனக்கென்றே செய்த வேலை.

ஆர்.கே.பேட்டை நெசவுக்காரர் மகள் ஒருத்தி என்னோடு ஒரே ரயிலில் வருவாள். அவளுக்கு ஒரு பாடம் மட்டும் வரவில்லை. கேப்டனாக நடிக்கும் மாஸ்டர் முன்னறையில் இருந்து ஸ்பீக்கர் போனில், "இடது கதவைத் திற" என்பார். நெருப்பு இடது பக்கம்தான் இருக்கும். முன்னறையில் இருக்கும் கேப்டனுக்கு அது தெரியாது என்று கணக்கு, இவள்தான் சொல்லவேண்டும். இவளோ, "சார், இடது பக்கம் கொஞ்சம் பாக்கலாங்களா" என்பாள். அவர் அதட்டுவார். இவள் திறந்துவிடுவாள். நான் இரண்டு தடவை செத்தேன்.

மூன்றாவது தடவையும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்று காலை ரயிலில், "நைனாகிட்டயே எதிர்த்துப் பேசுனதில்லண்ணா, கேப்டன்கிட்ட எப்டி?" என்றாள். நான் திருவள்ளூர் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

புகை வந்தது. இடது பக்கம் விளக்கு எரிந்தது. "இடது கதவைத் திற." அவள் கை கதவு வரைக்கும் போய் நின்றது.

"சார், இடது பக்கம் நெருப்பு. திறக்க மாட்டேன். வலது கதவைத் திறக்கறேன்."

 அந்தப் பெரிய குரல் அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னது. "இடது பக்கம் நெருப்பு. வலது கதவைத் திற."

 பெரிய குரல் ஒன்று சின்னக் குரலுக்குக் காது கொடுத்து நான் அதுவரை பார்த்ததில்லை. வலது கதவு வழியாகச் சறுக்கிக் கீழே மெத்தையில் விழுந்தவன் அப்படியே கிடந்தேன். மாஸ்டர் வந்து, "யப்பா, உன்னைக் காப்பாத்தியாச்சு, எந்திரி" என்றார்.

போன வாரம் மண்டபத்தில் புகை வந்ததும் என் கண் கதவைத் தேடியது. இடது பக்கக் கதவை அடைத்து நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். மேனேஜரிடம் போனேன். 'கொஞ்சம் பாக்கலாங்களா' என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"சார், கதவு அடைஞ்சிருக்கு. நாற்காலிய எடுக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பார்த்துச் சொன்னார். "கதவு அடைஞ்சிருக்காம். நாற்காலிய எடுங்க."

இதை அவளிடம் சொல்லலாம் என்றால், எந்த ஊர் வானத்தில் இருக்கிறாளோ. அந்தத் தகர விமானத்தையும் அறுத்து எடைக்குப் போட்டுவிட்டார்களாம், இரண்டு கதவுகளோடும் சேர்த்து.