அல்சீத் கொடுத்த மாத்திரை

எங்கள் தீவில் கபெஸ்தேர் என்ற ஊரிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை டாக்சியில் ஏற்றிப்போகிறவள் நான். ஒரே வண்டியில் இரண்டு பேரைச் சேர்த்துப் போடுவார்கள். யாரோடு யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் புண்ணியவானுக்கு எங்கள் ஊர்ப் பகை தெரியாது. அப்படித்தான் அல்சீத் மாமாவும் மேஸ்திரி இலாரியோனும் என் வண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் புராஸ்டேட் புற்றுநோய். இருவருக்கும் முப்பத்தேழு நாள் கதிர்வீச்சு.

அல்சீத் மாமா பதினாறு வயதில் வாழைத்தோட்டத்தில் இறங்கியவர். தாரைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் ஓடுவார். சேவல் சண்டையில் தோற்றாலும் சிரிப்பார். ஒன்றை மட்டும் அவர் மறக்கவே இல்லை. வண்டு மருந்து என்று வாழையடியில் ஒரு வெள்ளைப் பொடியை வெறுங்கையால் தூவ வைத்தார்கள். கையுறை கேட்டதற்கு மேஸ்திரி இலாரியோன் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்து, "மாவு மாதிரிதான்டா, தூவு" என்று சிரித்தார். கால்வாய்க்குக் கை கழுவப் போனால் திட்டு விழும். அதே கையால்தான் எல்லாரும் சீமைப்பலாவும் கருவாடும் தின்றார்கள். என் அப்பாவும் தின்றார். இதே நோயில் போன அவரைப் புதைத்து ஒன்பது வருடம் ஆகிறது; தோட்டக் கம்பெனி மேல் நாங்கள் எல்லாரும் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகவே நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வாரம் இருவரும் பேசவில்லை. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் கதிர் சரியான இடத்தில் விழுமாம். அதனால் பாலம் தாண்டியதும் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் குடிக்க வேண்டும். முன் சீட்டில் மேஸ்திரி. பின்னால் மாமா, அந்தப் பிடரியையே முறைத்தபடி குடிப்பார்.

மாமாவின் மகள் பாரிஸிலிருந்து ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரை அனுப்பியிருந்தாள். கதிர் பட்டு நல்ல சதை வேகாமல் காக்கும் என்று யாரோ சொன்னார்களாம். மாமா டப்பாவை டாக்டரம்மாவிடம் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பழம், கீரை எல்லாம் நல்லா சாப்பிடுங்க. இவ்வளவு வீரியமான மாத்திரை மட்டும் இப்ப வேணாம். நல்ல சதையைக் காப்பாத்துறது கட்டியையும் சேர்த்துக் காப்பாத்திட்டா? யாருக்கும் உறுதியாத் தெரியல."

மாமா தலையாட்டினார். ஆனால் டப்பாவைத் தூக்கிப் போடவில்லை.

பதினோராம் நாள் மேஸ்திரி, "ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுது" என்று முனகினார். பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் இரண்டு மாத்திரை.

"மக அனுப்பினா, மேஸ்திரி. உள்ள புண்ணாகாமக் காக்கும். போட்டுக்குங்க."

"உனக்கு வேணாமா?"

"எனக்கு இரும்பு உடம்பு. உங்களுக்குத்தான் அவசியம்."

கண்ணாடியில் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பாவம்தான், ஆனால் வெல்லமாக இனித்தது.

அன்றிலிருந்து பாலம் தாண்டியதும் தினம் இரண்டு. மேஸ்திரி அண்ணாந்து தண்ணீர் குடிப்பார். "பெரிய மனசுடா உனக்கு" என்பார். திரும்பும்போது அவரை முதலில் இறக்கிவிடுவேன். அவர் வீட்டுக் கதவு சாத்தியதும், "நல்லா வளரட்டும் அவன் கட்டி" என்பார் மாமா. நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

முப்பதாம் நாள் மாமா கையை நீட்டினார். மேஸ்திரி வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்தார். அத்தனை நாள் மாத்திரையும் அதில் இருந்தது.

"நீ சிரிச்சுக்கிட்டே குடுத்தப்பவே தெரியும்டா. உங்களுக்குப் பொடி குடுத்தப்ப நான் இப்படித்தான் சிரிச்சேன். வேணாம்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அதான் வாங்கி வாங்கி வச்சேன்."

பிரேக்கை மிதித்தேன்.

"அப்ப அது விஷம்னு தெரிஞ்சேதான் எங்கப்பன் கையில அள்ளி வச்சியா?"

"மூட்டையில மண்டையோடு போட்டிருந்துச்சும்மா. கையுறை குடுக்கணும்னு கடுதாசியும் வந்துச்சு. முதலாளிக்கு நான்தான் படிச்சுக் காட்டினேன். கிழிச்சுப் போடுன்னார்."

நான் இறங்கிச் சுற்றிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். இருபுறமும் வாழை, தலைக்கு மேல் வெயில்.

"இறங்குய்யா! நடந்தே போய்ச் சாவு!"

பின்சீட்டிலிருந்து மாமா கத்தினார். "கதவைச் சாத்து, பிள்ளை!"

"இவனையா மாமா ஏத்தச் சொல்றீங்க?"

"நம்ம வழக்குல இத்தனை வருஷமா கம்பெனிக்காரன் என்ன சொல்றான்? அன்னிக்கு யாருக்குமே தெரியாதுன்னு. தெரிஞ்சவன் இதோ உக்காந்திருக்கான்." மாமா முன்னால் குனிந்து மேஸ்திரியின் தோளைப் பிடித்தார். "நீ சாகக் கூடாதுடா. பொழைச்சு எந்திரிச்சு, கோர்ட்டுல இதே வாயால இதையே சொல்லணும். அதுவரைக்கும் நீ எனக்கு வேணும். ஒரு நாள் நீ வைத்தியத்துக்கு வராம இருந்து பாரு, வீடு புகுந்து தூக்கிட்டு வருவேன்."

மேஸ்திரி தலையாட்டினார். மாமா கைக்குட்டையைப் பிடுங்கி மாத்திரைகளைச் சாக்கடையில் உதறினார். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த ஆளின் கையில் திணித்தார்.

"குடி. கடைசிச் சொட்டு வரைக்கும் குடி."

நான் வண்டியை எடுத்தேன். என் அப்பாவுக்குக்கூட அவ்வளவு பதமாக ஓட்டியதில்லை. ஒவ்வொரு குழியாகப் பார்த்துப் பார்த்து, அந்தப் படுபாவி குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.