வானத்துப் போனில் போட்ட வீடு

கடலோர வானொலி நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘காது’ என்றுதான் சொல்வார்கள். “காது வந்தாச்சா?” “எதுக்கும் காதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.” இப்படியே முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. மற்ற ஆபரேட்டர்களுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பதில் அவருக்கு மட்டும் ஒரு கப்பல் கேட்கும். அதில் பேசுகிறவனுக்குச் சளி பிடித்திருப்பது வரைக்கும் கேட்கும். மனிதருக்குத் தற்பெருமை கொஞ்சம் உண்டு, ஆனால் அதில் பொய்யில்லை.

அந்த வேலையில் ஒரு விதி. ஒவ்வொரு மணி தொடங்கும்போதும், அரை மணிக்கும், மூன்று நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆபத்தில் இருப்பவனின் மெலிந்த குரல் மற்றவர்களின் சத்தத்தில் அமுங்கிப்போகக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தில் அந்த மூன்று நிமிடங்களுக்கு மட்டும் பச்சை வண்ணம் தீட்டியிருப்பார்கள்.

விதியை நிலையத்தோடு விட்டிருக்கலாம். அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். முள் பன்னிரண்டைத் தொட்டதும் வலது கை தானாகத் தோள் உயரத்துக்கு எழும்பும். முன்னறையில் துணி தைத்துக்கொண்டிருக்கும் மனைவி பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவாள். பரீட்சை மார்க்கைச் சொல்ல ஓடிவந்த மகள் வாசலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“ஏம்பா, நம்ம வீட்டுக்குள்ள எந்தக் கப்பல் முழுகப்போகுது?” என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவர் சிரித்தார். தூக்கிய கையை மட்டும் இறக்கவில்லை.

அவர் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. ஒரு மழைக்கால மாலையில், கடும் இரைச்சலுக்கு நடுவே, ஒரு மீன்பிடிப் படகிலிருந்து ஓர் இளைஞனின் குரல் வந்தது. “தண்ணி ஏறுது” என்றது. எந்த இடம் என்று இவர் திருப்பித் திருப்பிக் கேட்டார். பதில் வந்தது, பாதியில் அறுந்தது. படகிலிருந்த பதினொரு பேரும் திரும்பவில்லை. விசாரணையில் உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவர் ஒருமுறைதான் படித்தார். குரல் எத்தனை முறை கேட்டது என்பதற்குக் கணக்கில்லை.

பிறகு செயற்கைக்கோள்கள் வந்தன, நிலையத்தை மூடினார்கள். கையில் ஒரு தொகையையும், சுவரிலிருந்த அந்தப் பச்சைக் கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பினார்கள்.

தொகைக்கு ஏற்கெனவே வேலை காத்திருந்தது. இருபத்திரண்டு வருடமாக வாடகைக்கு இருந்த வீட்டை விற்பதற்கு வீட்டுக்காரர் சம்மதித்திருந்தார். “ஒரு வருஷம் பொறுக்கறேன், அதுக்கு மேல ஆளு வந்தா குடுத்துடுவேன்” என்றார். முன்னறையின் கிழக்குச் சுவரை இடித்து ஒரு பெரிய ஜன்னல் வைக்க வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. விளக்கு வெளிச்சத்தில் தைத்துத் தைத்து அவள் கண் மங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வரவேண்டிய இடத்தில் தையல் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம்கூடப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பங்குத் தரகர் ஒருவர் அவரை ஒரு ஓட்டலுக்கு அழைத்துப்போனார். வானத்தில் தன் செயற்கைக்கோள்களை வரிசையாக நிறுத்திவிட்ட ஒரு தொலைபேசி நிறுவனம் மூன்று மாதத்தில் கடையைத் திறக்கப்போகிறதாம். காடு, மலை, நடுக்கடல், எங்கிருந்தும் எவரோடும் பேசலாமாம். ஓட்டலின் பின்பக்கப் புல்வெளியில், செங்கல் கனத்துக்கு இருந்த ஒரு போனை அவர் கையில் கொடுத்தார்கள். மறுமுனையில் ஏதோ ஒரு சமுத்திரத்தில் ஒரு கப்பல் சமையல்காரர். உலை கொதிக்கும் சத்தம்கூடக் கேட்டது. இரைச்சல் என்பதே இல்லை.

காதுக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுக்குப்புறமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படகுப் பையன் கையில் இது இருந்திருந்தால்? வேறு எதையும் அவர் விசாரிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்லக்கூடியவர்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூச்சுவிடாமல் சொன்னார். “கடை திறந்ததும் பங்கு மூணு மடங்காகும். வீட்டையும் வாங்கிடலாம், மாடியும் எடுத்துடலாம். ஜன்னல் என்ன, உனக்குக் கண்ணாடியிலயே சுவர் வச்சுத் தரேன்.”

பணம் இருவர் பெயரிலும் இருந்தது. அவள் கையெழுத்தும் வேண்டும். அவள் ஒரு சட்டைக் கழுத்தைத் திருப்பித் தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மிஷினை நிறுத்தி, “ஏங்க, அந்தப் போனு…” என்று ஆரம்பித்தாள்.

கடிகாரத்தில் ஆறு. அவர் கை எழும்பியது.

நிலையம் மூடி இரண்டு மாதம் ஆகியும் கைக்கு அது தெரியவில்லை. அவள் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். மூன்று நிமிடம் கழிந்ததும் அவரே விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார், காகிதத்தையும் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

நிறுவனம் சொன்ன நாளில் கடையைத் திறந்தது. பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. பங்கு விலை ஏறியது. அவர் போன வருடத்து ஆளே இல்லை, தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். விலை கொடுத்து அந்தச் செங்கல் போன் ஒன்றையும் வாங்கி, வெளியூரில் இருக்கும் மகளுக்கு எண்ணைக் கொடுத்தார். அது முன்னறை மேஜையில் உட்கார்ந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து மகள் நேரிலேயே வந்துவிட்டாள். “அஞ்சு தடவ அடிச்சேன், என்னாச்சோ ஏதாச்சோன்னு பதறிப்போயிட்டேன்” என்றாள்.

“ஒரு தடவ கூட அடிக்கலையேம்மா” என்றாள் தாய்.

“வெளிய வச்சிருந்தா அடிச்சிருக்கும்” என்றார் அவர், சாதாரணமாக. “மேல கூரை இருந்தா எப்படிப் பிடிக்கும்? வானம் தெரியணும்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றார். முப்பத்தொரு வருடமாக அவர் அறிந்த ஆண்டெனாவெல்லாம் வெட்டவெளியில் நின்றது. வானத்தோடு பேச வெளியில்தான் நிற்க வேண்டும் என்பது, தண்ணீர் குடிக்க வாயைத் திறக்க வேண்டும் என்பதைப்போல அவருக்கு இயல்பாக இருந்தது. உலகத்தில் மற்றவர்கள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பது அதுவரை அவர் புத்தியில் ஏறவே இல்லை. கடைக்காரன் கல்லாவில் இருந்து பேசுவான். அதிகாரி அறைக்குள் இருந்து பேசுவார். அவர்களுக்கெல்லாம் உள்ளங்கை அளவில் வேறொரு போன் வந்துவிட்டது. அதற்குத் தெருவுக்குத் தெரு கோபுரமும் எழும்பிக்கொண்டிருந்தது.

ஒன்பதே மாதம். நிறுவனம் திவாலென்று நீதிமன்றத்தில் கையை விரித்தது. பங்குப் பத்திரம் பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது என்றார் தரகர். வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறாமல் ஒரு வருடம் பொறுத்தார், பிறகு ஒரு மருந்துக்கடைக்காரருக்கு விற்றார்.

சாமான் ஏற்றும் நாளில் முன்னறை காலியாகக் கிடந்தது. கிழக்குச் சுவரில் சுண்ணக்கட்டிக் கோடு மட்டும் அழியாமல் இருந்தது. மனைவி ஈரத்துணியால் அதைத் துடைத்தாள்.

“அன்னைக்கு நீ என்னமோ கேட்க வந்தியே” என்றார்.

“என்னைக்கு?”

“கையெழுத்துப் போட்ட அன்னைக்கு.”

அவள் துணியைப் பிழிந்தாள். “உள்ள உட்கார்ந்து பேசலாமான்னு கேட்க வந்தேன். நான் நாள் முழுக்க மிஷின்ல இருக்கறவ. அது அடிக்கறப்பல்லாம் எந்திரிச்சு வெளிய ஓட முடியுமா?”

“அப்புறம் ஏன் கேட்கல?”

“நீங்க கையத் தூக்கிட்டீங்க” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்ததால் துணி காயவில்லை என்பதைப்போலச் சொன்னாள்.

யாருக்காக அந்த மூன்று நிமிடம் என்பது உலகத்தில் அவரைவிட யாருக்குத் தெரியும்?

புது வீடு ஒற்றை அறை, இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மிஷினை அந்த ஜன்னலை ஒட்டிப் போட்டு, மேலே கடிகாரத்தை மாட்டினார்கள். வேண்டாம், கொடுத்துவிடலாம் என்றுதான் அவர் சொன்னார். நல்லா ஓடுற கடிகாரத்தை யாராவது குடுப்பாங்களா என்று அவள்தான் மாட்டச் சொன்னாள்.

மறுநாள் மாலை அவள் தைத்துக்கொண்டிருந்தாள், அவர் எதிரே முக்காலியில் இருந்தார். ஆறு மணியானது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். இனி இந்த மூன்று நிமிடமும் அவள் பேசட்டும், என்ன வேண்டுமானாலும் பேசட்டும், தான் கேட்டுக்கொண்டிருப்பது என்று முடிவு செய்திருந்தார்.

மிஷின் நின்றது. அவள் கால் பெடலைவிட்டு விலகியிருந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“சொல்லு” என்றார் அவர். “ஏதாவது சொல்லு.”

அவள் உதட்டில் விரலை வைத்து, தலைக்கு மேலே கடிகாரத்தைக் காட்டினாள்.